கிழவனைக் காத்தது எது?

எர்னஸ்ட் ஹெமிங்வே 1952-இல் வெளியிட்ட குறுநாவல், தமிழில் 'கடலும் கிழவனும்' என்னும் பெயரால் அறியப்பட்டது. தளராத மன உறுதிக்குச் சான்றாக அதனை எடுத்துரைப்பது மேடைகளில் வழக்கம். 84 நாள்கள் மீனே அகப்படாத கியூபா நாட்டு மீனவக் கிழவன் சந்தியாகோ, தன் படகினும் நீண்ட 18 அடி மீனொன்றைத் தன்னந்தனியே பிடிக்கிறான். சுறாக்கள் அதனைத் தின்றுவிட, எலும்புக்கூட்டோடு கரை சேர்கிறான். முதுமையிலும் தனித்து நின்று போராடுக என்பதே இதன் பாடம் என்பர். இது பாதி உண்மையே என்பது நம் கருத்து.

நூலின் தொடக்கத்தையும் முடிவையும் நோக்குவோம். மனோலின் என்னும் சிறுவன் கிழவனுக்கு உணவு கொண்டுவருகிறான். இல்லாத சோற்றையும், விற்றுவிட்ட வலையையும் இருப்பனவாகவே கிழவன் பேச, சிறுவனும் அறிந்தே உடன்படுகிறான். ஒருவரைச் சிறுமைப்படுத்தாமல் உதவும் பண்பு இது. கடலிலோ, சிறுவன் உடனிருக்கலாகாதா எனக் கிழவன் பன்முறை ஏங்குகிறான். இறுதியில் மனோலின், தான் கற்க வேண்டியது இன்னும் மிகுதி என்று கூறி, மீண்டும் அவனோடு கடலுக்குச் செல்ல முடிவு செய்கிறான். தான் இன்னும் ஒருவனுக்குத் தேவை என்னும் உணர்வே கிழவனைக் காக்கிறது.

நூலில் குறையும் உண்டு. குடிசைச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படமும் கோப்ரே மாதா படமும் தொங்குகின்றன. மறைந்த மனைவி விட்டுச் சென்றவை அவை. அவளுடைய நிழற்படத்தை மட்டும், தனிமை தாளாது, கிழவன் அகற்றி வைத்திருக்கிறான். மீனோடு நிகழும் போருக்குப் பக்கம் பக்கமாக இடமளித்த ஆசிரியர், இத்துயருக்குச் சில வரிகளே தருகிறார். அப்படத்தை மீண்டும் மாட்டுவதற்கும் துணிவு வேண்டுமன்றோ?

1954-இல் பெற்ற நோபல் பரிசின் பதக்கத்தைக் கோப்ரே மாதா திருத்தலத்தில் வைக்கக் கொடுத்தவர் ஹெமிங்வே. நோயும் மனச்சோர்வும் வாட்ட, 1961-இல், தம் 61-ஆம் வயதில், தம் கையாலேயே உயிரை முடித்துக்கொண்டார். தீர்ப்பிட நாம் யார்? ஆயினும், மன உறுதியைப் போற்றி எழுதியவருக்கே அது மட்டும் போதவில்லை.

நோயுற்ற முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, "பேச்சுத் துணைக்கு ஆளில்லை, சாமி" என்பதையே மிகுதியாகக் கேட்கிறோம். "தைரியமாயிருங்கள்" என்று கூறித் திரும்பியிருக்கிறோம். இந்நூலை மீண்டும் படித்தபின் அச்சொல் நம்மை உறுத்துகிறது. அடுத்த முறை பீடச் சிறுவன் ஒருவனை உடனழைத்துச் சென்று, சற்று நேரம் அவர்களோடு அமரச் செய்ய எண்ணியுள்ளோம். அவன் கற்க வேண்டியதும் மிகுதி.