வுல்பெண்டல் தேவாலயம்: சுவரும் உழைப்பும்

கொழும்பின் வுல்பெண்டல் தேவாலயத்தை ஆராய்ந்தோர் அதன் கிரேக்கச் சிலுவை வடிவத்தையும் டோரிக் பாணியையும் வியந்ததோடு அமைந்தனர். ஒல்லாந்தக் கம்பனி 1749 முதல் 1757 வரை கபுக்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடித் தடிப்புடையன. அடிமைகளையும் இராசகாரிய உழைப்பையும் கம்பனி பயன்கொண்ட காலம் அது. எனினும் கல் சுமந்தோர் யாவர் என்னும் வினா அவ்வாய்வுகளில் எழுவதேயில்லை. தளத்துக் கல்லறைப் பலகைகளோ பெயரையும் பதவியையும் பொறித்து நிற்கின்றன. 1813இல் கோட்டைப் பழைய ஆலயத்திலிருந்து ஒல்லாந்த ஆளுநரின் எச்சங்களைத் தீப்பந்த ஊர்வலமாகக் கொணர்ந்தோர் ஆங்கிலேயரே! ஆட்சி மாறிற்று, ஆண்டோர்க்குரிய மரியாதை மாறவில்லை. கல்முனைக் கரையிலிருந்து நோக்கும் நமக்கு இன்னொன்றும் புலனாகிறது: முஸ்லிம்களின் கடல் வணிகத்தை நெருக்கியதும், கறுவாவைத் தன் ஏகபோகமாக்கியதும் இதே கம்பனிதான். அக்கணக்கேடுகளோடு சேர்த்தே இச்சுவர்களை வாசித்தல் வேண்டும்.