எலக்ட்ரானை உணரும் தகடு

காந்த ஒத்ததிர்வு விசை நுண்ணோக்கியின் உயிர், ஒரு முனை மட்டும் பிடித்துவைக்கப்பட்ட சிலிக்கான் தகடு. தடிமன் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் நுனியில் ஒரு நுண்காந்தம். எதிரேயுள்ள பொருளில் எலக்ட்ரானின் தற்சுழற்சி திசை மாறினால் காந்தத்தின் மீதான விசையும் மாறும், தகட்டின் அதிர்வெண் இம்மியளவு நகரும்.

1991இல் ஜான் சைடில்ஸ் முன்வைத்த யோசனை இது. 2004இல் ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தில் டேனியல் ருகரின் குழு ஒற்றை எலக்ட்ரானையே இப்படிக் கண்டறிந்தது. விசை சில ஆட்டோநியூட்டன்தான். வெப்ப நடுக்கமே அதை மூழ்கடித்துவிடும். அதனால் தகட்டைக் கடுங்குளிரில் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மணிக்கணக்கில் அளந்தார்கள். வியக்கவைக்கும் பொறுமை அது.

2009இல் இதே வகை நுண்ணோக்கியால் புகையிலைத் தேமல் வைரஸின் முப்பரிமாண உருவம் கிடைத்தது. அப்போது தகட்டின் நுனியில் ஒட்டியிருந்தது வைரஸ். காந்தம் எதிரே நின்றது.