சூழ நிற்கும் பிள்ளைகள்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை வேறொரு பிள்ளை ஓயாமல் இம்சிக்கிறது என்ற செய்தி பெரியவர்களின் காதுக்கு எட்டும்போது, குற்றம் செய்தவன் யார், துன்புற்றவன் யார் என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுவதே நெடுங்கால வழக்கம். அவ்விருவரையும் சூழ்ந்து நின்றவர்களும் அந்தக் கொடுமையில் பங்குடையவர்களே என்ற உண்மையை, பின்லாந்து தேசத்து உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு துலக்கமாகக் காட்டியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடந்த அவ்வாய்வில், கொடுமைக்குத் தலைமை வகித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர்தாம். அவர்களுக்குக் கைகொடுத்தோரும், சிரித்து ஆரவாரித்து உற்சாகமூட்டியோரும், எனக்கென்ன என்று ஒதுங்கியோரும் சேர்ந்து ஏறத்தாழப் பாதி வகுப்பாயினர். துன்புற்றவர் பக்கம் நின்றவர்களோ ஏறத்தாழ 17 பேர்.

இந்த ஞானத்தின்மேல் எழுந்ததே, துர்க்கு பல்கலைக்கழகத்தார் வகுத்து, 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவிய 'கிவா' என்னும் திட்டம். வலிமை காட்டித் தோழர் நடுவே அந்தஸ்துத் தேட விரும்பும் பிள்ளைக்குச் சபையே ஆதாரமாதலால், கூத்துப் பார்க்க ஆளில்லாத இடத்தில் வேஷக்காரன் எத்தனை நேரம் ஆடுவான் என்பதே அதன் அடிப்படைத் தர்க்கம். அத்தர்க்கம் வெறும் யூகமன்று. கனடாவில், தொடக்கப் பள்ளி மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளின் உடையில் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, எட்டியிருந்து படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 88 சம்பவங்களில் சக பிள்ளைகள் உடனிருந்தனர். அவர்கள் குறுக்கிட்டது 19 சதவீதச் சம்பவங்களில்தான். ஆயினும் அவ்வாறு குறுக்கிட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் பத்தே விநாடிகளுக்குள் கொடுமை நின்றது. எந்த உபாத்தியாயரும் மைதானத்தின் மூலைக்கு ஓடிவந்து சேருமுன் ஒரு சிறுவனின் சொல் அங்கே வேலை செய்துவிடுகிறது என்பது அலட்சியம் செய்யத்தக்க பலமன்று.

எனினும், இந்த முறையின் குறைகளையும் அதே கவனத்தோடு நோக்குதல் அவசியம். மேற்சொன்ன மைதானங்களிலேயே, கொடுமை செய்தவனை நோக்கிப் பாய்ந்த குறுக்கீடுகள் பெரும்பாலும் முரட்டுத்தனமாக முடிந்தன. துன்புற்றவனை நோக்கிச் சென்றவை சாந்தமாகவே அமைந்தன. கிவாவின் பலன் சிறு வகுப்புகளில் தெரிந்த அளவுக்கு, தோழர்களின் மதிப்பே உயிராகிவிடும் மேல்வகுப்புகளில் தெரியவில்லை. பல நாட்டுத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்த தோஃபி, ஃபாரிங்டன் என்னும் இருவர், சக மாணவரிடம் இப்பணியை ஒப்படைக்கும் அம்சம் துன்புறுவோரின் தொகை கூடுவதோடு சேர்ந்து காணப்படுகிறது என 2011-இல் எச்சரித்தனர். இன்னொரு வேதனையும் உண்டு: கொடுமை பொதுவாகக் குறைந்துவிட்ட வகுப்பில் இன்னமும் இம்சைப்படும் ஓரிரு பிள்ளைகள், தமக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்று தம்மையே நொந்துகொண்டு, முன்னினும் அதிகமாக மனம் தளர்கின்றனர்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, பிள்ளைகளிடம் எதைக் கேட்கிறோம் என்பதிலேயே இம்முறையின் தர்மம் அடங்கியிருப்பது விளங்கும். கிவா திட்டத்தில் சம்பவத்தை விசாரித்து, கொடுமை செய்தவரோடு பேசி, மறுபடியும் அழைத்து நிலைமையைச் சரிபார்ப்பது பெரியவர்கள் அடங்கிய சிறு குழுவின் பொறுப்பு. அதற்குத் துணையாக, வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை வகுப்பாசிரியர் தனியே அழைத்து, துன்புற்ற தோழனுக்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம் என்று கேட்கிறார். இடைவேளையில் கூட வருவது, சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவது, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது ஆகிய காரியங்கள் ஒரு சிறுவனின் சக்திக்குள் அடங்கியவை. நியாயாதிபதியின் வேலையோ காவற்காரனின் வேலையோ அவன் தலையில் சுமத்தப்படவில்லை.

ஆகவே, "பார்த்துக்கொண்டு சும்மா நின்றாயே" என்று ஒரு பிள்ளையைக் கடிந்துகொள்ள, அந்தப் பிள்ளை பேசினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற உறுதியை முன்கூட்டியே அளித்த பள்ளிக்கு மட்டுமே உரிமை உண்டு. நேற்றுத் தகவல் சொன்னவனைக் 'கோள்மூட்டி' என்று வகுப்பு ஏசியபோது வாளாவிருந்த ஆசிரியர், இன்று வேறொருவன் வாய்திறக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. சொன்னவன் பெயரை வெளிவிடாமல் அன்றைக்கே நடவடிக்கை எடுப்பதும், எடுத்த நடவடிக்கை பலித்ததா என்று சில நாள் கழித்து விசாரிப்பதும் பெரியவர்களின் முதற்கடமை. அக்கடமை நிறைவேறும் பள்ளியில் பிள்ளைகளின் துணிவு தானே வளரும், நிறைவேறாத பள்ளியில் இம்முறை பலவீனமான பிள்ளைகளின்மேல் இன்னுமொரு பாரத்தை ஏற்றுவதாகவே முடியும்.