முப்பது பவுண்டு

கவர்னர் என்றால் நமக்குத் தெரியும். ஆள்பவர், ராஜ்பவனில் இருப்பவர். கவர்னஸ்? சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதுவும் ஆளும் பெண்ணைக் குறித்த சொல்தான். விக்டோரியா காலத்துக்குள் ஆண்பால் சொல் மாகாணங்களை ஆள, பெண்பால் சொல் பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சும் பியானோவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அரியணையில் இருந்தவர் ஒரு பெண்.

ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது இன்னொரு சொல்: இண்டிபெண்டன்ஸி. சார்லோட் பிராண்டே 1847இல் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நாவலைக் கல்லூரியில் படித்தபோது அதைச் ‘சுதந்திரம்’ என்றே புரிந்துகொண்டேன். மனவிடுதலை, தன்மானம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன், மதிப்பெண்ணும் போட்டார்கள். அன்றைய ஆங்கிலத்தில் அதற்குக் கறாரான ஒரு பொருள் இருந்தது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. யார் கையையும் எதிர்பாராமல் சாப்பிடப் போதுமான பணம். அவ்வளவுதான்.

இந்தப் பொருளோடு 24ஆம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். கல்யாணம் நிச்சயமானதும் ரோச்செஸ்டர் ஜேனைப் பட்டுக்கடைக்கும் நகைக்கடைக்கும் கூட்டிப்போகிறான். அவன் வாங்க வாங்க அவள் கூசிப்போகிறாள். தனக்கென்று துளி இண்டிபெண்டன்ஸி இருந்தால் தேவலை என்று நினைக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் அடேலுக்குக் கவர்னஸாகவே இருந்து வருடத்துக்கு 30 பவுண்டு சம்பாதிப்பேன், அதில்தான் உடுத்துவேன் என்று அவனிடமே சொல்கிறாள். அதோடு, தன்னை வாரிசாக்க நினைத்த, மதீரா தீவிலிருக்கும் அப்பாவின் சகோதரருக்குக் கடிதமும் எழுதுகிறாள்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவின் சகோதரன் மேசன் அங்கே இருக்கிறான். அப்படித்தான் தேவாலயத்தில் கல்யாணம் நிற்கிறது. ஜேனின் ஒழுக்கத்தைப் புகழாத விமர்சகர் குறைவு. பொய்க் கல்யாணத்திலிருந்து அவளைக் காப்பாற்றியது அவள் பணத்தை மனதில் வைத்து எழுதிய கடிதம் என்று எனக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பெண் பணத்தைப் பற்றி யோசித்தாள் என்பது நமக்கே கொஞ்சம் சங்கடம்தான் போலிருக்கிறது.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த உறவினர், ஜமைக்காவைச் சேர்ந்த மேசன் குடும்பத்து வணிகத்தின் மதீராத் தொடர்பாளர். ஜேனுக்கு வந்துசேரும் 20,000 பவுண்டை, தோட்ட அடிமைகளின் உழைப்பிலிருந்து பிரித்துவைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அதை மூன்று உறவினர்களோடு அவள் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது நல்ல விஷயம்தான். ஆனாலும் ‘சுதந்திரம்’ என்று மொழிபெயர்த்தால் இந்தக் கேள்வியே எழாது. பணம் என்றால்தான் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும்.

பெர்த்தா கொண்டுவந்த சீதனம் 30,000 பவுண்டு. ஜேனின் சம்பளக் கணக்கில் ஆயிரம் வருட உழைப்பு. தனியாக ஒப்பந்தம் எழுதிவைக்காவிட்டால், அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மனைவியின் பணம் கணவனுடையது. பெர்த்தாவுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடியில் பூட்டிய அறை. கடைசியில் ரோச்செஸ்டரைக் கைப்பிடிக்கும் ஜேனின் 5,000 பவுண்டு யார் பெயரில் இருந்தது? அதைப் பற்றி நாவல் வாய் திறப்பதில்லை.