ஜிலேபியின் வால்

திண்டிவனம் பக்கம் ஏரி மீன் கூடையில் ஜிலேபி இருந்தால், முதலில் வாலைத்தான் பார்ப்பேன். மேலிருந்து கீழாகச் சீரான கோடுகள் ஓடினால் நைல் இனம். கோடில்லாமல், ஆண் மீன் கறுத்து, துடுப்போரம் சிவந்திருந்தால் மொசாம்பிக் இனம். இந்த மொசாம்பிக் இனம் 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டும் ஒரே நீரில் இருந்தால் தாமாகவே கலக்கும்; அந்தக் கலப்புக் குஞ்சுகளும் வளர்ந்து இனம் பெருக்கும். கலப்பு மீனின் வாலில் கோடுகள் விட்டுவிட்டு, கலைந்து கிடக்கும். எனக்கு அந்த வால்தான் அழகு! முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே காப்பது இரண்டுக்கும் பொது. நம் ஏரிகளில் நாட்டு மீன்களை நெருக்கும் மொசாம்பிக் ஜிலேபி, சொந்த ஊரான தென்னாப்பிரிக்க லிம்போப்போ ஆற்றிலோ நைல் இனத்தோடு கலந்து தன் தனித்தன்மையை இழந்துவருகிறது. ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டுச் செம்பட்டியலிலும் ஏறிவிட்டது.