பத்தடிக்குப் பத்தடி

ஃபிலிம் கேமரா என்றதும் ‘கஷ்டம், செலவு’ என்று ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. கற்றுக்கொள்ள இருப்பதோ அரைப் பக்கம். பெண்டாக்ஸ் கே1000 மாதிரி, பேட்டரி செத்தாலும் ஷட்டர் இயங்குகிற பழைய கேமரா ஒன்று, ஒரே லென்ஸ், சட்டைப்பையில் 400 ஐஎஸ்ஓ ரோல் இரண்டு. சுள்ளென்ற வெயிலுக்கு அப்பர்ச்சர் 16, ஷட்டர் 500. கட்டட நிழலுக்கு 8, 250. ரோலுக்கு 36 படம். அடிப்படை முடிந்தது. மூன்று லென்ஸும் ட்ரைபாடும் அடைத்த பையோடு பாண்டி பஜாரில் நடப்பவர் அடுத்து எதை மாட்டலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பார். ஒரே லென்ஸ்காரருக்கு எங்கே நிற்பது என்ற ஒரு கேள்விதான்.

அந்த ஒரே லென்ஸ் 35 மி.மீ.யா, 50-ஆ? ‘கிட்டத்தட்ட ஒன்றுதான்’ என்று எழுதுகிற விமர்சகர்கள், கூட்டத்துக்குள் நின்று படம் எடுத்தவர்களாக இருக்க முடியாது. கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பத்தடி தள்ளி நின்றால் 35 காட்டுவது ஏறக்குறையப் பத்தடி அகலம். 50 காட்டுவது ஏழடி. அந்த மூன்றடியில்தான் எல்லாம் இருக்கிறது. மயிலையில் அறுபத்துமூவர் விழா அன்று மாட வீதியில் நின்று பாருங்கள். ஏழடியில் ஒரு பல்லக்கும் அதைத் தாங்கும் தோள்களும் அடங்கும். பத்தடியில், ஓரத்தில் நீர்மோர் டம்ளரை நீட்டுகிற கையும், அப்பாவின் தோளில் உட்கார்ந்து வேறெங்கோ பார்க்கிற குழந்தையும் சேர்ந்துவிடும். ஃபோகஸ் கணக்கும் 35 பக்கம்தான். அப்பர்ச்சர் 8, ஃபோகஸ் பத்தடி என்று வைத்தால், 35-ல் ஆறடியிலிருந்து இருபத்துநாலடி வரை தெளிவாக விழும். 50-ல் ஏழரையிலிருந்து பதினாலு வரைதான். தள்ளுமுள்ளுவில் வளையத்தைத் திருக ஏது நேரம்? 35-ஐப் பத்தடியில் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம்.

ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் 50-ஐத்தானே நம்பினார் என்று கேட்பீர்கள். உண்மை. ஒரு சின்ன லைக்காவோடு உலகம் சுற்றிய புகைப்படக்காரர் அவர். ஆனால் 50 கேட்பது விலகி நிற்க இடம். பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு முன்னால் அந்த இடம் உண்டு. அங்கே 50 அழகு. ரங்கநாதன் தெரு நெரிசலில் பின்னால் ஓரடி நகர்ந்தால் யார் காலையாவது மிதிப்பீர்கள்.

ஃபிலிம் விலை அதிகம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் இரண்டு ரோல் என்கிறேன்: 72 படத்தை ஒரு நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கலாம். இது வெளிநாட்டு மோகம் என்பவர்களுக்கு ஒன்று: 1960-ல் உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்து விற்ற ஊர் நம்முடையது. ஆனால் ஃபிலிம் மோகமும் ஒன்று உண்டு: காலாவதியான ரோலில் வேண்டுமென்றே நிறம் வெளுக்க எடுத்து, அதையே கலை என்று காட்டுகிறார்களே, அது மேம்போக்கு. ஃபிலிமின் புள்ளியும் சாயமும் யார் எடுத்தாலும் வரும். படத்தின் ஓரத்தில் யார் நிற்கிறார் என்பது எடுத்தவர் நின்ற இடத்தைப் பொறுத்தது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: முதல் ரோலில் நாலு படம் தேறினாலே பெரிது, மனம் தளராதீர்கள். வருகிற பங்குனி அறுபத்துமூவருக்குப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, 35-ஐ மாட்டிக்கொண்டு, மதிய வெயில் சாய்கிற நேரத்துக்கு மயிலைக் குளக்கரைப் பக்கம் வந்துவிடுங்கள்.