பெற்றோர் எங்கே போயினர்? – ஒரு வினாவின் திறனாய்வு

இளைஞன் ஒருவன் குற்றமிழைத்த செய்தி நாளேட்டில் வந்துவிட்டால், மறுநாள் காலை ஆசிரியர் அறையில் எழும் முதல் வினா ஒன்றுண்டு: "பெற்றோர் எங்கே போயினர்?" கோயில் மண்டபத்திலும் திருமண விருந்திலும் அரசியல் மேடையிலும் இவ்வினாவே வேறு வேறு குரலில் ஒலிக்கக் கேட்கின்றோம். முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றிவரும் நானும் இதனைப் பன்முறை எழுப்பியிருக்கின்றேன். வினாவில் தவறில்லை. ஆயின், விடை வேண்டி எழுப்புகின்றோமா, விடை முன்னரே தெரிந்துவிட்டதாகக் கருதி எழுப்புகின்றோமா என்பதே ஆராய்தற்குரியது. ஒரு பழங்கதை, ஒரு விபத்து, ஒரு சட்டம், ஒரு திரைப்படம் ஆகிய நான்கையும் முன்வைத்து அவ்வாராய்ச்சியை ஈண்டு மேற்கொள்கின்றேன்.

தேர்க்காலும் கன்றும்

பிள்ளையின் குற்றத்திற்குத் தந்தையின் கடமை யாது எனக் கேட்டால், தமிழர் உடனே எடுத்துக்காட்டுவது மனுநீதிச் சோழன் வரலாற்றையே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் இதனைச் சுட்டுகின்றாள். சேக்கிழார் பெரிய புராணத்தில் திருவாரூர்ச் சிறப்பைச் சொல்லுமிடத்து இதனை விரித்துரைக்கின்றார். அரசிளங்குமரன் ஊர்ந்த தேரின் காலில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு நீதி காத்தான். பின்னர் இறையருளால் அனைவரும் உயிர் பெற்றனர் என்பது வரலாறு.

இதனை நான் எத்தனையோ வகுப்புகளில் கற்பித்திருக்கின்றேன். கற்பித்த போதெல்லாம் மன்னனின் நடுவு நிலைமையை வியந்தேனே தவிர, வேறிரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தேனில்லை. ஒன்று, கன்று மாண்டதைக் கண்ட கணமே இளவரசன் உள்ளம் நடுங்கிக் கழுவாய் தேடி ஓடினான் எனச் சேக்கிழார் கூறுவது. குற்றத்தை உணர்ந்த பிள்ளை அவன். மற்றொன்று, திரள் நெருங்கிய தெருவில் இளையோன் கையில் தேரைக் கொடுத்தவர் யார் என்னும் வினா அக்கதையில் எழாமலே போவது. தந்தை அங்கே நீதிபதியாக மட்டுமே காட்சி தருகின்றான். வளர்த்தவனாக அவனை யாரும் விசாரிக்கவில்லை. அரசனுக்கு அஃது அறமாகலாம். குடும்பத் தலைவன் ஒருவன் அதனையே வழிகாட்டியாகக் கொண்டால், தண்டிப்பதே தன் பொறுப்பு முழுவதும் என்று கருதிவிடுவான். நம் இல்லங்களில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே.

ஜொகூர் பாருவில் ஒரு பின்னிரவு

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பின்னிரவு மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில், பிரேக் கழற்றி மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சென்ற சிறுவர் கூட்டத்தின்மீது கார் ஒன்று மோதியது. எண்மர் மாண்டனர். அவர்களின் அகவை 13 முதல் 16 வரை. 'பசிக்கல் லாஜாக்' என்னும் சொல்லை நாடு முழுவதும் அறிந்தது அந்நாளில்தான்.

வழக்கு ஆறாண்டுகள் நடந்தது. காரோட்டியை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் விடுவித்தது. 2022இல் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி விடுதலை வழங்கியது. ஒருவரின் பொறுப்பை அளந்தறிய நீதிமன்றங்களுக்கு இத்தனை படிகள் தேவைப்பட்டன. ஆயின் எட்டு வீட்டுப் பெற்றோரின் பொறுப்பை நாம் ஒரே காலைப்பொழுதில் தேநீர்க் கோப்பையுடன் தீர்மானித்துவிட்டோம். "மூன்று மணிக்குப் பிள்ளை வெளியே திரிந்தால் தாய் தகப்பன் என்ன செய்துகொண்டிருந்தனர்?" என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். அச்சிறுவர்களைக் குற்றவாளிகள் என்பது பொருந்தாது. சாலையில் மாண்ட பிள்ளைகள் அவர்கள். எனினும் இளையோர் குற்றம் பற்றிய நம் பேச்சு எவ்வளவு விரைந்து பெற்றோரிடம் முடிந்துவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தின் வினா

இனிச் சட்டத்தை நோக்குவோம். பத்து வயது நிறையாப் பிள்ளையின் செயல் குற்றமாகாது என்பது நம் குற்றவியல் சட்டத்தொகுப்பின் 82ஆம் பிரிவு. பத்துக்கு மேல் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைக்கு, செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்பதை 83ஆம் பிரிவு கருதச் சொல்கின்றது. 1947ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டம் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. அதனிடத்தை 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் எடுத்துக்கொண்டது.

இச்சட்டத்தின்படி நீதிமன்றம் பிள்ளையின் நன்னடத்தைக்குப் பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கலாம். பெற்றோர் பிள்ளையுடன் குறித்த காலத்தில் சமூக நல அதிகாரியிடமோ காவல் நிலையத்திலோ தோன்ற வேண்டும் என விதிக்கலாம். பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பலாம். பிள்ளை பள்ளியில் பயில்பவனாயின், மாதம் ஒருமுறை அவனுடைய ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் கண்டு கலந்துரையாட வேண்டும் எனவும் கட்டளையிடலாம். பிள்ளைக்குரிய அபராதத்தைப் பெற்றோரே செலுத்துமாறு பணிக்கவும் இடமுண்டு. அப்பொழுதும், பெற்றோரின் கவனக்குறைவு அக்குற்றத்திற்குத் துணை செய்யவில்லை என நீதிமன்றம் தெளிந்தால் அச்சுமை அவர்கள்மீது ஏற்றப்படுவதில்லை.

இங்கே இரண்டு நுட்பங்கள் உள்ளன. சட்டம் "பெற்றோர் எங்கே போயினர்?" என்று கூவவில்லை, "உரிய கவனம் இருந்ததா, இல்லையா?" என அமைதியாகக் கேட்கின்றது. அன்றியும், பெற்றோரைத் தனியே நிறுத்தாமல் பள்ளித் தலைமையாசிரியரின் அறைக்கும் அனுப்பி வைக்கின்றது. ஆகவே அப்பிணைப் பத்திரத்தில் என் கையொப்பம் இல்லையாயினும் என் நாற்காலிக்கு அங்கே ஓர் இடமுண்டு. குற்றம் நிகழ்ந்தபின் மாதந்தோறும் நடக்க வேண்டும் எனச் சட்டம் விதிக்கும் சந்திப்பு, குற்றம் நிகழுமுன் நம் பள்ளிகளில் ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கின்றது? பரிசளிப்பு விழாவையும் தேர்வறிக்கை வழங்கும் நாளையும் இக்கணக்கில் சேர்த்தல் முறையாகாது.

'ஜகாட்' காட்டும் தந்தை

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் 2015 டிசம்பரில் திரைக்கு வந்த 'ஜகாட்', மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. தீமையைக் குறிக்கும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் திரிந்த வடிவமே படத்தின் பெயர். கதை 1990களின் தொடக்கத்தில் நிகழ்கின்றது. தோட்ட வாழ்வு குலைந்தபின் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய குடும்பம் ஒன்று; கற்பனையும் குறும்பும் மிக்க அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன்; அவன் தந்தை மணியம்; போதைப் பழக்கத்தின் வடுவோடு வாழும் ஒரு சிற்றப்பன்; குண்டர் கும்பலில் புழங்கும் மற்றொரு சிற்றப்பன்.

நம் மேடை நாடகங்களிலும் சிறுகதைகளிலும் கெட்டுப்போன பிள்ளையின் தந்தை வழக்கமாகக் குடிகாரனாகவே வருவான். கள்ளுக்கடையைக் குறை கூறிக் கதை முடிந்துவிடும். 'ஜகாட்' அவ்வெளிய வழியில் செல்லவில்லை. மணியம் உழைப்பாளி. மகன் படித்துத் தம்மினும் மேலான வாழ்வு பெற வேண்டும் என்பதே அவருடைய ஒரே விருப்பம். ஆயின் அவ்விருப்பத்தைப் பிள்ளையிடம் சேர்ப்பிக்க அவர் அறிந்த மொழி அடி ஒன்றே. தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை அவனை அவையில் முந்தியிருக்கச் செய்தல் என்கின்றார் வள்ளுவர். எவ்வாறு செய்வது என்பதை மணியத்திற்குக் கற்பித்தவர் யாருமில்லை. பொறுப்பற்ற தந்தையால் பிள்ளை கெட்டான் எனக் கூற இப்படம் நமக்கு இடந்தரவில்லை. பொறுப்பு மிக்க தந்தை, அப்பொறுப்பை நிறைவேற்றும் வழியறியாது தடுமாறுவதையே காட்டுகின்றது. படத்தின் பெருஞ்சிறப்பு இஃதென்பேன்.

கும்பல் பிள்ளையைக் கவர்வது பணத்தினால் என்று நாம் கருதுகின்றோம். இப்படத்தை ஊன்றிக் கண்டால் வேறொன்று புலனாகும். வீட்டிலும் வகுப்பிலும் குறும்பாகக் கருதி ஒறுக்கப்படும் அச்சிறுவனின் துடிப்பு, குண்டர் உலகத்தில் துணிச்சலாக மதிக்கப்படுகின்றது. மதிப்பு கிடைக்கும் திசையில் பிள்ளை நகர்கின்றான்.

குறை ஒன்றையும் கூறுதல் திறனாய்வாளன் கடமை. தோட்டத் துண்டாடலும் வெளியேற்றமும் இக்கதையின் பின்னணியாக நிற்கின்றன. எனினும் அவற்றால் குடும்பம் இழந்தது வேலையும் வீடும் மட்டுமன்று. லயத்து வரிசையில் ஒரு வீட்டுப் பிள்ளையைப் பத்து வீட்டுக் கண்கள் கவனித்தன. பால் வெட்டப் போன தாய் ஆயாக்கொட்டகையில் குழந்தையை விட்டுச் சென்றாள். கள்ளும் கடனும் நிறைந்த அவ்வாழ்வை நான் போற்ற வரவில்லை. ஆனால் வளர்க்கும் பொறுப்பு அங்கே பலர் தோளில் இருந்தது. நகரத்திற்கு வந்ததும் இருவர் தோளில் முழுவதும் இறங்கியது. அவ்விழப்பைப் படம் இன்னும் அழுத்தமாகத் தீட்டியிருக்கலாம்.

பள்ளிகளைப் படம் கடுமையாகச் சித்திரிப்பதாக முதன்முறை கண்டபோது எனக்குச் சினமே மூண்டது. அச்சினம் தணிந்த வகையைச் சொல்லியாக வேண்டும்.

என் அறையில் நிகழ்ந்தது

பல்லாண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சிற்றுண்டிச்சாலைப் பணத்தைத் திருடி அகப்பட்டான். தந்தையை அழைத்தேன். அவர் சிங்கப்பூரில் வேலை செய்பவர். விடியுமுன் நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பாலத்து நெரிசலில் காத்துக் கிடந்து, இரவு ஒன்பது மணிக்கு இல்லம் திரும்புபவர். ஒரு நாள் சம்பளத்தை இழந்து வந்தார். நான் செய்தியைக் கூறி முடிக்குமுன் இடுப்பு வாரைக் கழற்றி மகனை என் கண்ணெதிரே அடித்தார். நான் தடுக்கவில்லை. "பொறுப்புள்ள தகப்பன்" என அன்று மாலை சக ஆசிரியரிடம் பாராட்டியும் பேசினேன்.

நான்கு ஆண்டுகள் சென்றன. அத்தந்தை மீண்டும் வந்தார். மகனுக்குப் பதினைந்து வயது; வழிப்பறிக் கூட்டத்தோடு பிடிபட்டிருந்தான். தெலுக் மாஸ் ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களோ என அஞ்சி, நீதிமன்றத்தில் காட்ட ஒரு நற்சான்றிதழ் கேட்டு வந்திருந்தார். எழுத நான் தயங்கினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, அன்னைக்கு நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன். அடிச்சேன். வேற என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லையே," என்றார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் பயின்றவன் நான், அவர் பயிலவில்லை. அச்சிறுவன் எதற்காகத் திருடினான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பள்ளி முடிந்த நேரத்திலிருந்து இரவு ஒன்பது வரை அவன் யாருடன் இருக்கின்றான் என்று வினவியிருக்க வேண்டும். கேட்டேனில்லை. "பெற்றோர் எங்கே போயினர்?" என்பதற்குரிய விடை என் எதிரே, தொழிற்சாலைச் சீருடையில், வியர்வையோடு நின்றிருந்தது. சான்றிதழை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரியேனும் என் பிழையைப் பற்றி எழுதத் துணிவு வந்திலது.

முடிவுரை

இவ்வாறெல்லாம் கூறுவதால் பெற்றோரின் பொறுப்பு குறைந்துவிட்டது என யான் வாதிடுவதாகக் கொள்ளற்க. பிள்ளை இரவில் எங்கே இருக்கின்றான் என்பதை அறிதல், அவன் நண்பர் யாவர் எனத் தெரிந்துகொள்ளுதல், அவன் கையில் புதிதாகத் தோன்றிய பொருள் எவ்வாறு வந்தது எனக் கேட்டல் ஆகியவை பெற்றோரன்றிப் பிறர் செய்யவியலாத கடமைகள். உழைப்பும் வறுமையும் இவற்றை அரியனவாக்கும், நீக்கிவிடா. ஆயின் கடமையைச் சுட்டுவோர் அதனைச் செய்யும் காலத்தையும் வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலத்தைப் பற்றி ஒன்று கூறி முடிப்பேன். 2014ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் 2024ஆம் ஆண்டு முடியும்வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை நாள்கள். சிங்கப்பூரில் உழைக்கும் தந்தைக்கோ ஞாயிறுதான் ஓய்வு. தந்தை வீட்டில் இருந்த நாளில் பிள்ளை பள்ளியில் இருந்தான். பிள்ளை வீட்டில் இருந்த வெள்ளியன்று தந்தை பாலத்தைக் கடந்து சென்றார். சனிக்கிழமையும் வேலை செய்தவர்களுக்கு முழுநாள் ஒன்றுகூட மகனோடு வாய்த்ததில்லை. பதினோராண்டுகள் இவ்வாறு கழிந்தன. அக்காலத்தில் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். பிள்ளைகள் தறிகெட்டுத் திரிகின்றனர் எனக் கவலையுற்ற நம்முள் எத்தனை பேர் இவ்வெளிய கணக்கைப் போட்டுப் பார்த்தோம்?

2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுச் சனியும் ஞாயிறும் மீண்டும் விடுமுறையாயின. ஞாயிற்றுக்கிழமை இப்பொழுது தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாகக் கிடைத்துள்ளது. மாதத்தின் முதல் ஞாயிறன்று காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை என் அறையைத் திறந்து வைத்திருக்கின்றேன். முறையீடு இருந்தால்தான் வர வேண்டும் என்பதில்லை. முதல் மாதம் மூவர் வந்தனர். அவர்களுள் ஒருவர், மகன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் அமராமல் நின்றார். ஒன்றும் செய்யவில்லை, நன்றாகப் படம் வரைகின்றான், அதைச் சொல்லத்தான் அழைத்தேன் என்றேன். அதன்பின்னரே அவர் அமர்ந்தார்.